தங்குதலின் மூன்று பிள்ளைகள்

ஜெர்மன் மொழியில் தங்குதலைச் சொல்லும் வினைச்சொல் ஒன்றுக்கு ஒருகாலத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவன் ப்ளைபெ, ‘தங்குகிறேன்’ என்பான். நடுவிலான் ப்லீப், ‘அப்போது தங்கினேன்’ என்பான். கடைக்குட்டி கெப்லீபன், ‘தங்கிவிட்டேன்’ என்பதற்கு மேல் வாய் திறக்கமாட்டான்.

மூவரும் டோர்ட்முண்ட் நகரில், பாடம் எழுதும் ஒரு கொப்பிக்குள் குடியிருந்தார்கள். சொந்த ஊரான வேலணையிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த குகதாசனின் கொப்பி அது. அறையில் ஆறு பேர், கொப்பி ஒன்றுதான். வெங்காயம் உரித்தபடியே பாடம் ஒப்புவிப்பார்கள். பிழைவிட்டவன் சட்டி கழுவவேண்டும். கருவாடு பொரியும் மணத்தில் சொற்களுக்கும் நாவூறும். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

ஆனால் ஆறு பேரும் மூத்தவனை மட்டுமே படித்தார்கள்.

“ஆறு மாசத்திலை ஊருக்குப் போறம். மிச்சத்தைப் படிச்சு என்ன செய்யிறது?” என்றார் குகதாசன்.

ப்லீப்புக்கு அதில் வருத்தமில்லை. இவர் ஊர் திரும்புவார், ‘டோர்ட்முண்டில் கொஞ்சநாள் தங்கினேன்’ என்பார், அந்த வசனத்தில்தான் தனக்கு வாழ்வு என்று நம்பியிருந்தான். வேலணையில் ஜெர்மன் யாருக்கடா விளங்கும் என்று மூத்தவன் கேலி செய்தான். பெருமைக்கு ஒருதரமாவது சொல்லிக் காட்டமாட்டாரா என்றான் ப்லீப்.

ஆறு மாதம் முப்பத்தெட்டு வருடமானது. அறை நண்பர்கள் லண்டன், கனடா என்று கலைந்துபோனார்கள். விசா அலுவலகத்துக்கும் வேலைத்தலத்துக்கும் மூத்தவனே ஓடி ஓடித் தேய்ந்தான். ஒவ்வொரு கோடையிலும் ப்லீப் பயணத்துக்கு ஆயத்தமானான். கடைக்குட்டியோ யாரும் கூப்பிடாமல் மூலையில் கிடந்தான்.

இந்தக் கோடையில், குகதாசனுக்கு ஊரில் மிஞ்சியிருந்த ஒரே உறவான அக்கா காலமானார். அந்த வாரம் மாடிப்படியில் குகதாசனைக் கண்ட பக்கத்து வீட்டு ஹெல்கா அம்மா, வழக்கம்போல, எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள் என்று கேட்டார். ப்லீப் எழுந்து நின்றான்.

“இஷ் பின் கெப்லீபன்,” என்றார் குகதாசன். நான் தங்கிவிட்டேன். படிக்காமலே, காதில் விழுந்து விழுந்து வந்த சொல்.

நல்லது என்று ஹெல்கா அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்குட்டி அழுதுகொண்டு வந்தான். இத்தனை வருடம் கழித்து உன் முறை வந்திருக்கிறது, ஏன் அழுகிறாய் என்று மூத்தவன் கேட்டான். கெப்லீபன் ப்லீப்பின் அருகில் போய் உட்கார்ந்தான்.

“என்னைச் சொல்ல முதல் ஒருக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தவர், அண்ணா. உன்னைத்தான் தேடினவர்.”