உடைமரம் தேரிக்குப் போனது

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேசத் தெரியும்; நினைத்த இடத்துக்கு நடந்து போகவும் தெரியும். உடைமரம் அப்போது தாமிரபரணிக் கரையில் மருத மரங்களோடு நின்றது. நெட்டை மரம், உடம்பில் ஒரு முள் கிடையாது. வேரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு சுகமாக இருந்தது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. கரைப் புல்லெல்லாம் கருகிப் போயிற்று. பேராச்சி என்ற ஆட்டுக்காரி தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து மரங்களின் முன்னால் நின்றாள்.

“தேரிக்கு அந்தப் பக்கம் புல் கிடக்காம். ஆனா தேரி முழுக்கச் செம்மணல் மேடு. ஒத்தை நிழல் இல்ல. போன தடவை என் குட்டிக அத்தனையும் சூட்டுல சுருண்டு செத்துப் போச்சு. உங்கள்ல யாராவது வந்து நடுவுல நின்னா இந்த ஆடுக பிழைக்கும்.”

“தண்ணியை விட்டுட்டு நான் எங்க வர? வேர் காஞ்சா நான் வெறும் விறகு” என்றது மருதமரம். மற்ற மரங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டன.

“நான் வாரேன் தாயி” என்றது உடைமரம்.

“நீ தாங்குவியா?”

“வேரை ஆழமா விட்டா தண்ணி எங்கயும் கிடைக்கும். நடங்க.”

தேரியின் நடுவில் போய் உடைமரம் வேரூன்றியது. மரத்தடியில் ஒரு வெள்ளாடு குட்டி போட்டது. ஈரம் காயாத அந்தக் குட்டி எழுந்து நிற்பதற்குள் தேரிக்காற்று வந்துவிட்டது. மணல் மேடுகளையே தூக்கி இடம் மாற்றுகிற காற்று அது.

“என் காட்டுல தலையை நிமித்திட்டு நிக்கது யாரு?” என்று கத்திக்கொண்டு மரத்தைப் பிடித்து உலுக்கியது. சிறு கிளைகளெல்லாம் ஒடிந்து பறந்தன. வேர் மேலே வரத் தொடங்கியது.

குட்டியை மடியில் அணைத்துக்கொண்டு பேராச்சி கத்தினாள். “போதும் அய்யா, நீ கரைக்கே போயிரு! நீ முறிஞ்சு விழுறதை என்னால பாக்க முடியாது.”

உடைமரம் தன் நிழலைப் பார்த்தது. கம்பு மாதிரி ஒல்லியாகக் கிடந்தது. அதில் ஓர் ஆடுகூட ஒதுங்க முடியவில்லை.

“இம்புட்டு உசரம் எனக்கு எதுக்கு?” என்றது.

ஒரு தடவை மடங்கினால் பிறகு நிமிரவே முடியாது என்று அதற்குத் தெரியும். தெரிந்தேதான் உச்சியை அழுத்தி மடக்கியது. எலும்பு முறிவது போல் சத்தம் கேட்டது. கிளைகள் நான்கு பக்கமும் படுத்து விரிந்தன. தட்டையான அந்தத் தலைமேல் காற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்து மறுபடி மோதிப் பார்த்தது. பிடித்து இழுக்க எதுவும் அகப்படவில்லை.

“இன்னும் எத்தனை தடவை வேணும்னாலும் வா” என்றது உடைமரம்.

காற்று கடல் பக்கம் போய்விட்டது.

ஒடிந்த கிளைகளின் மிச்சமெல்லாம் வெயிலில் காய்ந்து வெள்ளை முட்களாயின. ஆடுகள் ஒன்று பாக்கியில்லாமல் நிழலில் படுத்திருந்தன. பேராச்சி அடிமரத்தைத் தடவிக் கொடுத்தாள்.

“வலிக்குதா?”

“வலிக்கத்தான் செய்யுது. ஆனா நிழல் எம்புட்டு அகலம் பாத்தியளா!”

உடைமரம் ஆற்றங்கரையை விட்டுச் செம்மணல் தேரியைத் தன் வீடாக்கிக்கொண்டு, குடை விரித்தாற்போல் வெள்ளை முள்ளோடு நிற்பதும், உச்சிவெயிலில் ஆடுகள் யாரும் ஓட்டாமலே அதன் அடியில் போய்ப் படுப்பதும் அன்று முதல்தான்.