கைராசிக்காரர்

கோல்மேல் பொருத்திய ஜிபிஎஸ் கருவியோடு மாரீஸ்வரி வயலில் நின்றாள். தூரத்தில், ஒரே இடத்தில் நிறுத்திய பேஸ் என்ற துணைக்கருவியருகே, குடைநிழலில் பொறியாளர் கருணாகரன். பேஸிலிருந்து அதன் வைஃபை வழியே இன்டர்நெட்டில் திருத்தம் வந்தால்தான் கோலில் அளவு நிலைக்கும், வரவில்லை.

"கலெக்டர் வர்றதுக்குள்ள அளக்கலைன்னா உனக்கு வேலையில்லை." வாக்கிடாக்கியில் அவர் குரலோடு கிரிக்கெட் வர்ணனையும் கேட்டது.

"எனக்குக் கைராசியில்லை சார். போனோட நீங்களே வந்து பிடிங்க."

வந்து பிடித்தார். அளவு நிலைத்தது. "பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன் சார். அங்கே பேஸோட வைஃபை மொத்தத்தையும் உங்க கிரிக்கெட் தின்னுச்சு. இங்கே உங்க போனுக்கு அந்த வைஃபை எட்டலை, கிரிக்கெட் நின்னுச்சு."

கலெக்டர் வந்தார். "கோளாறுன்னாங்களே, எப்படிச் சரியாச்சு?"

"சார் வந்து நின்னாரு, சரியாச்சு," என்றாள்.

"நன்றிம்மா," என்று முணுமுணுத்தார் கருணாகரன். அன்று மாலைவரை குடைநிழலில் இருந்தவள் மாரீஸ்வரி. வெயிலில் கோல் பிடித்தவர் அவர்.