யானைக்கு ஊறவைத்த ஓட்ஸ்

லாரிகள் வளைந்து வளைந்து ஏறுகிற மலைச்சாலைக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில், ஒரு குரங்கு இருந்தது. பேர் கொப்பையன்.

கொப்பையன் நல்லவன்தான். ஒரே ஒரு குறை, யாராவது பாராட்டிவிட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது. "அண்ணே, உங்க வால் மாதிரி ஒரு வாலை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லிவிட்டு, அவன் கையில் இருக்கும் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுப் போன அணில்கள் அந்தக் காட்டில் ஏராளம்.

அவன் மனைவி செவத்தாள் தலைப்பிரசவத்துக்காக அக்கரையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது கோடைக்காலம். ஆற்றில் கல்லுக்குக் கல் தாவியே போய்விட்டாள். பிறகு குட்டி பிறந்தது, மழைக்காலமும் பிறந்தது, கற்களெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. கொப்பையன் இன்னும் பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மீன்கொத்தி அக்கரையிலிருந்து சேதி கொண்டுவந்தது.

"கொப்பையா, உன் மாமியார் சொல்லி அனுப்பினாங்க. நாளைக்குக் காலையில குட்டிக்குப் பேர் வைக்கிறாங்களாம். நீ வரலேன்னா அவங்களே வெச்சிடுவாங்களாம்."

"என்ன பேராம்?"

"மண்ணாங்கட்டி."

கொப்பையன் பிடித்திருந்த கிளையை விட்டுவிட்டான். நல்லவேளை, கீழே புல்தான்.

"இரு, இன்னும் இருக்கு. மலை உச்சியில மேகம் கட்டி நிக்குது. நாளைக்கு மத்தியானம் ஆத்துல வெள்ளம் வந்துடும். அப்புறம் மழைக்காலம் முடியிற வரைக்கும் யாரும் ஆத்தைக் கடக்க முடியாது. நான் பறப்பேன், அது வேற விஷயம்."

மீன்கொத்தி பறந்துவிட்டது. கொப்பையன் புல்லிலேயே உட்கார்ந்திருந்தான். மழைக்காலம் முடிவதற்குள் பிள்ளை தாவக் கற்றுக்கொண்டுவிடும். மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். அப்பன் யாரென்று கேட்டால் அதற்குத் தெரியாது.

அந்தக் காட்டில் ஆற்றில் இறங்கி நடக்கக்கூடிய ஆள் ஒருத்திதான். பெரியநாயகி என்ற யானை. கொப்பையன் அவளிடம் ஓடினான்.

"பெரியம்மா, என்னை முதுகுல ஏத்தி அக்கரையில விடணும். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வரணும்."

"விடுறேன். அதுக்கென்ன," என்றாள் பெரியநாயகி, ஒரு மூங்கில் புதரை மென்றபடி.

"இப்பவே போகலாமா?"

"இப்ப சாப்பாட்டு நேரம்."

"ராத்திரி?"

"அதுவும் சாப்பாட்டு நேரம்."

"நாளைக்குக் காலையில?"

"எழுந்ததும் பசிக்கும். மேய்ஞ்சு முடிக்க மத்தியானம் ஆகும். வெறும் வயித்தோட நான் தண்ணியில கால் வைக்க மாட்டேன், அது எனக்கு ஆகாது." பெரியநாயகி கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு செய். விடியும்போது வயிறு நிறைய ஏதாவது தயாரா வெச்சிரு. சாப்பிட்டதும் கிளம்பிடலாம்."

ஒரு யானைக்கு வயிறு நிறையக் காலைச் சாப்பாடு, அதுவும் விடிவதற்குள். கொப்பையன் தலையில் கை வைத்துக்கொண்டு, பக்கத்து வளையில் குடியிருக்கும் முள்ளம்பன்றி தைலம்மையிடம் போனான். தைலம்மை சிடுமூஞ்சி. ஆனால் கண்ணில் பட்டதை மறக்கமாட்டாள்.

"இதுக்கா அழறே? சாயங்காலமே ஊறப் போட்டுட்டா காலையில சாப்பாடு தயார்," என்றாள் தைலம்மை.

"எதை?"

"கொண்டை ஊசி வளைவுல லாரியிலிருந்து ஒரு மூட்டை விழுந்து கிடக்கே, அதை. அதுக்குப் பேர் ஓட்ஸ். எஸ்டேட் பங்களாவுல பார்த்திருக்கேன். சாயங்காலம் பாலை ஊத்தி, பழத்தை நறுக்கிப் போட்டு மூடி வைப்பாங்க. காலையில எழுந்து அப்படியே சாப்பிடுவாங்க. அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம்."

"அந்த உமியா? நான் ஒரு பிடி வாயில போட்டுத் துப்பிட்டேன்."

"காய்ஞ்சதைத் தின்னா அப்படித்தான் இருக்கும். ஊறினா மெத்துன்னு ஆயிடும், வயித்துலயும் நிக்கும். நமக்கு இதுல ஒரு செலவும் இல்லை. மூட்டை ரோட்டுல கிடக்கு, பழம் மரத்தடியில கிடக்கு."

"சரி, யானைக்கு ஊற வைக்கிற அளவுக்குப் பாத்திரம்?"

இரண்டு பேரும் ஆற்றங்கரையைப் பார்த்தார்கள். அங்கே நொச்சிப் புதரில் ஒரு பொருள் மாட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது. போன வருஷத்து வெள்ளத்தில் வந்தது. வட்டமாக, மூங்கிலைப் பின்னி, வெளிப்பக்கம் தார் பூசி, நான்கு கரடிகள் படுக்கிற அளவுக்கு இருக்கும். மழை பெய்தால் முயல்கள் அதற்கடியில் ஒதுங்கும். அது என்னவென்று காட்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து இப்போது வாயைத் திறக்காதீர்கள்.

"அதை நிமிர்த்தினா எவ்வளவு பெரிய கிண்ணம்," என்றான் கொப்பையன்.

சாயங்காலம் காடே ஆற்றங்கரையில் கூடிவிட்டது. பூமாலை என்ற கரடி கிண்ணத்தை இழுத்து நிமிர்த்தி, மூட்டையை முதுகில் சுமந்துவந்து அதில் கொட்டினான். அணில்கள் பாழ்பட்ட தென்னந்தோப்பில் கிடந்த தேங்காய்களை உருட்டிவந்தன. கொப்பையன் பாறையில் உடைத்தான், பூமாலை கசக்கிப் பால் பிழிந்தான். உதிர்ந்த நாவல்பழம், கனிந்து வெடித்த பலாச்சுளை, தோல் கறுத்த வாழைப்பழம் எல்லாம் உள்ளே விழுந்தன. ஓரத்தில் வழிந்த பாலை முயல்கள் நக்கின. ஓர் அணில் உள்ளேயே விழுந்து, தானே நீந்தி வெளியே வந்து, உடம்பை நக்கிக்கொண்டு மறுபடியும் விழுந்தது. இந்த முறை தெரிந்தேதான் விழுந்தது.

கடைசியில் வாழை இலைகளைப் போட்டு மூடினார்கள்.

"இனிமே விடியிற வரைக்கும் இலையைத் தூக்காதே. ஊறுறது அதோட வேலை, சும்மா இருக்கிறது உன் வேலை," என்று சொல்லிவிட்டுத் தைலம்மை தூங்கப் போய்விட்டாள்.

கொப்பையன் காவலுக்கு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் சும்மாவும் இருந்தான்.

பூமாலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் வந்தான். "கொப்பையா, உன் கைப்பக்குவம் யாருக்கு வரும். வாசனை ஆளைத் தூக்குது."

கொப்பையனுக்கு முகம் சிவந்தது. ஏற்கனவே சிவந்த முகம், இன்னும் சிவந்தது. "ஒரு வாய் பார்க்கிறியா? ருசி எப்படின்னு சொல்லு."

பூமாலை ஒரு வாய் பார்த்தான். கரடியின் வாய், சிறியதில்லை. "பிரமாதம். இனிப்பு மட்டும் கொஞ்சம் குறைச்சல்."

ஐயோ, யானைக்கு இனிப்புக் குறைந்துபோனால் என்ன ஆவது? கொப்பையன் ஓடிப்போய்த் தேனடை ஒன்றைப் பிழிந்து ஊற்றினான். "இப்ப பாரு." பூமாலை பார்த்தான். "இப்ப சரி. ஆனா நான் கரடி, எனக்குத் தேன்னா எல்லாமே சரிதான். வேற யாரையாவது கேளு."

முயல்களைக் கேட்டான். முயல்கள் தங்கள் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளையெல்லாம் அழைத்துவந்து கருத்துச் சொல்லின. "அண்ணே, அமிர்தம்ணே. இனிப்பு மட்டும் கொஞ்சம் குறைச்சல்." மான்கள் வந்தன. மரநாய் குடும்பத்தோடு வந்தது. அணில்கள் மூன்று தடவை வந்தன, ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் வருவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு. எல்லாரும் பாராட்டினார்கள், எல்லாரும் இனிப்புக் குறைச்சல் என்றார்கள். கொப்பையன் தேனுக்கும் கிண்ணத்துக்குமாக ஓடி ஓடிக் களைத்து, நடுநடுவே தானும் ருசி பார்த்துக்கொண்டான்.

விடிந்தது.

தைலம்மை வந்து இலையைத் தூக்கினாள். உள்ளே பளபளவென்று மூங்கில் தெரிந்தது. கடைசி வாயை யார் வழித்துச் சாப்பிட்டது என்று கேட்காதீர்கள். கொப்பையன்தான்.

பெரியநாயகி தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். கொப்பையனைப் பார்த்தாள்.

"எங்கே?"

"ருசி பார்த்தோம் பெரியம்மா," என்றான் கொப்பையன்.

"நல்லா பார்த்திருக்கீங்க. சரி, நான் மேய்ஞ்சுட்டு மத்தியானம் வரேன்." பெரியநாயகி மூங்கில் காட்டுக்குள் போய்விட்டாள்.

மத்தியானம் வெள்ளம் வந்துவிடும். கொப்பையன் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். "என் பிள்ளை பேரு மண்ணாங்கட்டி ஆயிடும். என் முகம் கூட அதுக்குத் தெரியாது. நானே கெடுத்துட்டேன்."

மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் எல்லாரும் இரை தேடி ஆளுக்கொரு பக்கம் போயிருப்பார்கள். அன்றைக்கு யாருக்கும் பசியில்லை, போக மனமும் இல்லை. மணலைப் பார்த்தபடி நின்றார்கள்.

தைலம்மை மட்டும் கிண்ணத்தைச் சுற்றி நடந்தாள். அடியில் மணலை முகர்ந்தாள். மறுபடியும் சுற்றினாள்.

"கொப்பையா, நேத்து எவ்வளவு பால் ஊத்தினே?"

"இப்ப அது எதுக்கு? நிறைய ஊத்தினோம்."

"இதுக்கடியில மணல் காய்ஞ்சு கிடக்கு. ஒரு சொட்டுப் பால் கூட ஒழுகலை."

"அதனால?"

"உள்ளே இருந்த பால் வெளியே போகலேன்னா, வெளியே இருக்கிற தண்ணி மட்டும் எப்படி உள்ளே வரும்?"

கொப்பையன் அழுகையை நிறுத்தினான். கிண்ணத்தைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். திரும்பவும் கிண்ணத்தைப் பார்த்தான். இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளைகளே, இப்போது சொல்லலாம். ஆமாம், அது பரிசல்.

மான்கள் முட்டின, முயல்கள் தள்ளின, பரிசல் தண்ணீரில் இறங்கி மிதந்தது. கொப்பையன் ஏறினான். "முள்ளை மடக்கிக்கோ அக்கா" என்று எல்லாரும் கெஞ்ச, தைலம்மை ஏறினாள். பூமாலை ஒரு தென்னை மட்டையோடு ஏறித் துடுப்புப் போட்டான்.

பூமாலைக்குப் பலம் உண்டு. ஆனால் ஒரு பக்கமாகவே போட்டான். பரிசல் சுற்றியது. இக்கரை தெரிந்தது, அக்கரை தெரிந்தது, இக்கரை, அக்கரை, வானம், பூமாலையின் வயிறு.

"அடுத்த பக்கம் போடுடா," என்று தைலம்மை கத்தினாள்.

"எது அடுத்த பக்கம்? எல்லாப் பக்கமும் வந்து வந்து போகுதே," என்றான் பூமாலை.

கொப்பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணீர் காய்வதற்குள் சிரித்தான். பூமாலையும் சிரித்தான், சிரித்த வேகத்தில் மட்டை கைமாறி அடுத்த பக்கம் விழுந்தது, பரிசல் நேராகப் பாய்ந்தது.

அக்கரையில் மாமியார் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பேர் சொல்ல அதன் காதருகே குனிந்துவிட்டார். "மண்" என்று ஆரம்பித்தும்விட்டார். அப்போதுதான் பரிசல் கரையில் மோதியது. கொப்பையன் உருண்டு வந்து அவர் காலடியில் விழுந்தான். அவனுக்கு இரண்டு மாமியார்கள் தெரிந்தார்கள். ஒருவரே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"அத்தை, நிறுத்துங்க. அப்பன் வந்துட்டேன்."

"வந்தது சரி. பேர் என்னன்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

கொப்பையன் திருதிருவென்று விழித்தான். இத்தனை ஓட்டத்தில் பேரை யோசிக்கவே இல்லை. செவத்தாள் குட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அது அவன் முகத்தைப் பார்த்தது. அவன் மார்பு மயிரில் ஒட்டியிருந்த தேனை நக்கியது. விடாமல் நக்கியது.

"தேனப்பன்," என்றாள் செவத்தாள். கொப்பையன் அதைக் குட்டியின் காதில் மூன்று முறை சொன்னான். மாமியாருக்கும் பிடித்துவிட்டது, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மேகம் உறுமத் தொடங்கியதும் கிளம்பினார்கள். பூமாலை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் துடுப்புப் போட்டான். அவர்கள் இக்கரையில் இறங்கி, பரிசலை மேட்டுக்கு இழுத்துப் போட்டபோது ஆறு செந்நிறமாகப் பொங்கி வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரியநாயகி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தாள். "சாப்பிட்டாச்சு. ஏறு, போகலாம்." பிறகுதான் செவத்தாளையும் குட்டியையும் பார்த்தாள். "அட, எப்படிப் போயிட்டு வந்தே?"

கொப்பையன் பரிசலைக் காட்டினான்.

"என் கிண்ணத்துலயா?"

பெரியநாயகி தும்பிக்கையை உள்ளே விட்டு மூலை முடுக்கெல்லாம் தடவினாள். மூங்கில் இடுக்கில் ஒட்டியிருந்த ஓட்ஸ் கொஞ்சம் கிடைத்தது. வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள்.

"உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது கொப்பையா," என்றாள். "இனிப்பு மட்டும் கொஞ்சம் குறைச்சல்."

கொப்பையன் தேன் எடுக்கக் கிளம்பினான். செவத்தாள் அவன் வாலைப் பிடித்து உட்கார வைத்தாள்.

நீதி: நாளைய சாப்பாட்டை இன்றைக்கே தயார் செய்துவைப்பது நல்லது, அதை எதில் வைத்திருக்கிறோம் என்று ஒரு முறை பார்ப்பது இன்னும் நல்லது.