முன்கண்ணாடி இல்லாத பஸ்

குருன்னா வெள்ளைத் தாடி இருக்கணும், மரத்தடி இருக்கணும், பேசுறதுக்கு முன்னாடி கண்ணை மூடித் தொறக்கணும்னு நெனைச்சீங்கன்னா, இங்க ஏமாந்துருவீங்க. இந்தக் குருவுக்கு நாப்பது வயசு. பேரு நவமணி. ஸ்கூட்டியில வருவாங்க. கம்பெனியில மேனேஜருங்க ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறிக்கிட்டு இருந்தா, முதலாளிங்க இவங்களைத்தான் கூப்பிடுவாங்க.

சீடருக்கு அம்பத்தெட்டு. பேரு கோதண்டபாணி. ஒரு மில்லுல பர்சனல் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வீட்டுல அவரால சும்மா இருக்க முடியல. அவரு சும்மா இருக்கறதை வீட்டுல இருக்கறவங்களாலயும் பார்க்க முடியல. அதனால நவமணிகிட்ட தொழில் கத்துக்க வந்துட்டாரு.

"சார், என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்க. நீங்க பெரியவரு."

"அதெப்படிங்க? சொல்லித் தர்றவங்க குரு. நீங்க பொம்பளை. அதனால குருவம்மா."

"ஐயோ."

"ஐயோன்னா நிறுத்திருவேனா குருவம்மா?"

ஒரு நாள் ரெண்டு பேரும் கரூர்ப் பக்கம் ஒரு பஸ் பாடி கட்டுற பட்டறைக்குப் போனாங்க. எஞ்சினும் சக்கரமுமா, எலும்புக்கூடு மாதிரி உள்ள வர்ற வண்டி, கூரை போட்டு, சீட்டு மாட்டி, பெயின்ட்டு அடிச்சு, புது மாப்பிள்ளை மாதிரி வெளிய போகும். முதலாளி நாச்சிமுத்து. மீசை பெருசு, குரலு சிறுசு.

"மேடம், எனக்கு ரெண்டு மேனேஜருங்க. குப்பண்ணன் பாடி செக்‌ஷன், தெய்வசிகாமணி பினிஷிங் செக்‌ஷன். எனக்கு ரெண்டு கண்ணு அவங்க."

"நல்லதுங்க."

"ரெண்டு கண்ணும் ஒண்ணை ஒண்ணு பார்க்க மாட்டேங்குதுங்க. பொங்கலுக்கு முன்னாடி இருந்து பேச்சு இல்ல."

"என்ன ஆச்சு?"

"ஒரு வண்டிக்குப் பின்னாடி மாட்டுற ஏணி கொஞ்சம் வளைஞ்சிருந்துச்சுங்க. 'கண்ணு தெரியலையா உனக்கு?'ன்னு தெய்வசிகாமணியைப் பார்த்து குப்பண்ணன் கேட்டுட்டாரு. ஆளுங்க எல்லாரும் இருக்கறப்ப. அந்த ஒரு வார்த்தைதான்."

நாச்சிமுத்து மீசையைத் தடவினாரு. தடவின கை அப்படியே கண்ணுகிட்டப் போச்சு.

"வேலை நின்னு போச்சுங்க. சாயங்காலத்துக்குள்ள நீங்க ஒரு பேரைச் சொல்லிருங்க. அந்தாளை வீட்டுக்கு அனுப்பிச்சுடறேன். எனக்கா மனசு வரல. நீங்க சொன்னீங்கன்னா அனுப்பிருவேன்."

நவமணி சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. "அவங்களைப் பார்க்கலாமுங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

ஆபீஸ் ரூம்ல உக்கார வெச்சாங்க. குப்பண்ணன் மலை மாதிரி ஆளு, வாயைத் தொறந்தா தகரக் கூரை அதிரும். தெய்வசிகாமணி ஒல்லிக்குச்சி, பேச்சு ஊசி. ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துச் சேரு. முழங்கையும் முழங்கையும் இடிக்குது.

குப்பண்ணன் நவமணியைப் பார்த்து ஆரம்பிச்சாரு.

"அம்மிணி, அவருகிட்டக் கேளுங்க. அந்தச் சேலத்து வண்டி முன்கண்ணாடி இல்லாம மொட்டையா நிக்குதே, ஏன் மாட்டலைன்னு கேளுங்க."

தெய்வசிகாமணி சுவத்துக் காலண்டர்ல முருகனைப் பார்த்தாரு. காதே கேக்காத மாதிரி.

நவமணி டீயை எடுத்து ஒரு வாய் குடிச்சாங்க.

கோதண்டபாணிக்குப் பொறுக்கல. இதுக்குத்தானே வந்திருக்கோம்! சேரைத் திருப்பிப் போட்டுக்கிட்டாரு.

"சார், கண்ணாடி ஏன் மாட்டலைன்னு கேக்கறாருங்க."

தெய்வசிகாமணிக்கு அப்பத்தான் காது வந்துச்சு. "கண்ணாடி உக்கார்றது ஃப்ரேம்ல. ஃப்ரேம் பாடி செக்‌ஷன். சொல்லிருங்க."

கோதண்டபாணி இந்தப் பக்கம் திரும்பினாரு. அப்படியே சொன்னா சூடா இருக்குமேன்னு கொஞ்சம் சர்க்கரை போட்டாரு.

"ஃப்ரேம் ரொம்ப அழகா இருக்காமுங்க. நீங்களே கண்ணாடியையும் மாட்டினாத்தான் எடுப்பா இருக்கும்னு சொல்றாருங்க."

"நக்கலா பண்றாரு?"

"நக்கலான்னு கேக்கறாருங்க."

"ஆமான்னு சொல்லுங்க."

"அது வந்துங்க... இல்லீங்களாம்."

"ஏனுங்க, நான் ஆமான்னுதானே சொன்னேன்?"

"அவரு ஆமான்னு சொன்னது எனக்கே கேட்டுச்சே! நீங்க என்ன இல்லீங்கறீங்க?"

இப்படியே மத்தியானம் வரைக்கும். கோதண்டபாணி கழுத்து மேசை ஃபேன் மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சுத்துச்சு. சர்க்கரை போட்டுப் பார்த்தாரு, தண்ணி ஊத்திப் பார்த்தாரு, ஒரு வார்த்தையை முழுங்கிக்கூடப் பார்த்தாரு. காலையில ஒருத்தரை ஒருத்தர்தான் பிடிக்காம இருந்துச்சு. மத்தியானம் ரெண்டு பேருக்கும் கோதண்டபாணியையும் பிடிக்கல. எந்திரிச்சு ஆளுக்கொரு வாசல் வழியா போய்ட்டாங்க.

நவமணி ஒரு வார்த்தை பேசல. போண்டா ரெண்டு சாப்பிட்டிருந்தாங்க.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஷெட்டு ஓரமா குருவும் சீடரும் உக்கார்ந்தாங்க. கோதண்டபாணி கழுத்தைப் பிடிச்சு விட்டுக்கிட்டாரு. சிரிப்பு போயிருந்துச்சு.

"குருவம்மா, நெசமாவே கேக்கறேன். மில்லுல முப்பது வருசம் இருந்தேன், எனக்குத் தெரியல. ரெண்டு பேருக்கு நடுவுல எப்படி நிக்கறது?"

நவமணி அவரைப் பார்க்கல. ஷெட்டுக்கு நடுவுல அந்தச் சேலத்து வண்டி நின்னுச்சு. பளபளன்னு பெயின்ட்டு. பக்கத்து ஜன்னல் எல்லாம் மாட்டி மூடியாச்சு. முன்னாடி மட்டும் பெரிய ஓட்டை.

"சார், அந்தக் கண்ணாடியை எப்படி மாட்டுவாங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கேன்?"

பின்னாடி வந்த நாச்சிமுத்து சொன்னாரு. "கண்ணாடியைச் சுத்தி ரப்பர் போடுவோமுங்க. ரப்பர் வாய்க்குள்ள ஒரு கயிறு. வெளிய ஒருத்தர் கண்ணாடியை அமுத்துவாரு. உள்ள ஒருத்தர் கயித்தைக் கொஞ்சங்கொஞ்சமா உருவணும். உருவ உருவ ரப்பர் தகரத்து மேல கவ்வும். அமுத்தறதும் உருவறதும் ஒண்ணா நடக்கணும். தப்புனா கண்ணாடி போச்சு." கொஞ்சம் நிறுத்துனாரு. "மேனேஜர் ஆகறதுக்கு முன்னாடி அவங்க ரெண்டு பேருந்தான் ஜோடியா மாட்டுவாங்க."

நவமணி எந்திரிச்சு முந்தானையைச் செருகினாங்க.

"நான் உள்ள போறேன். சார், நீங்க வெளிய நில்லுங்க."

"நானா? எங்க வீட்டுல படம் மாட்டறதுக்கே என்னை விட மாட்டாங்க குருவம்மா!"

"ஏறுங்க சார்."

முதலாளி தலையாட்டுனதும் ஆளுங்க கண்ணாடியைத் தூக்கிட்டு வந்து அடியில தாங்கிப் பிடிச்சாங்க. ரப்பர்ல சோப்புத் தண்ணி தடவுனாங்க. கோதண்டபாணி பலகை மேல ஏறி, கண்ணாடியில ரெண்டு கையையும் வெச்சாரு. பக்கத்துல கம்ப்ரசர் தடதடன்னு ஓடுது. உள்ள நவமணி, கையில கயித்து முனை.

விசயம் பரவிருச்சு. பாடி செக்‌ஷன் பக்கமிருந்து குப்பண்ணன் வந்து வண்டிக்கு இடது பக்கம் நின்னாரு. பினிஷிங் பக்கமிருந்து தெய்வசிகாமணி வந்து வலது பக்கம் நின்னாரு. ரெண்டு பேரும் கை கட்டிக்கிட்டாங்க.

நவமணி இழுத்தாங்க. கோதண்டபாணி அமுத்துனாரு. எங்கேயோ 'கிர்ர்'னு ஒரு சத்தம்.

"யோவ், அந்தப் பெரியவர்கிட்ட சொல்லுங்கய்யா! மூலையில கை வெக்காதேன்னு சொல்லுங்க!" தெய்வசிகாமணி பொதுவா கத்துனாரு.

"அந்த அம்மிணிகிட்ட யாராச்சும் சொல்லுங்கப்பா! அப்படி இழுத்தா ரப்பர் கிழிஞ்சுரும்!" குப்பண்ணன் கூரையைப் பார்த்துக் கத்துனாரு.

கோதண்டபாணிக்குக் காலையிலேர்ந்து பழகின கழுத்து. "இதோ சொல்றேனுங்க!"ன்னு திரும்பிட்டாரு. திரும்பின வேகத்துல கை எடுத்துட்டாரு.

கண்ணாடி மேல்பக்கம் வெளிய சாய்ஞ்சுச்சு.

அப்புறம் யாரு முதல்ல ஓடுனாங்கன்னு அந்த ஷெட்டுல யாருக்கும் தெரியாது. தெய்வசிகாமணி ஒரே தாவுல பலகை மேல. கோதண்டபாணி கீழ, ஒரு காலு சோப்புத் தண்ணி வாளிக்குள்ள. குப்பண்ணன் டிரைவர் கதவு வழியா உள்ள பூந்து, "அம்மிணி, தள்ளுங்க"ன்னு கயித்தைப் பிடுங்குனாரு. நவமணி எஞ்சின் மூடி ஓரமா ஒதுங்கி நின்னுக்கிட்டாங்க.

ஒருத்தர் உள்ளங்கை கண்ணாடியில. ஒருத்தர் கையில கயிறு. தலை நிமிர்ந்தாங்க.

பொங்கலுக்கு முன்னாடியிருந்து பார்க்காத மூஞ்சி, இப்ப ஒரு சாண் தூரத்துல.

கையை எடுத்துட்டுப் போயிரலாம்னா, கண்ணாடி பாதி கவ்வி, பாதி தொங்குது. இவரு விட்டாலும் போச்சு. அவரு விட்டாலும் போச்சு. கம்ப்ரசர் தடதடங்குது. பேசினாலும் கேக்காது.

கோதண்டபாணி பழக்க தோசத்துல வாயைத் தொறந்தாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல போயி நிக்கலாம்னு ஒரு அடி எடுத்தும் வெச்சாரு. வாளி கூடவே வந்துச்சு. எங்க போயி நிக்கறது? அங்க கண்ணாடிதான் இருந்துச்சு.

குப்பண்ணன் கண்ணைக் காட்டுனாரு. கீழ் மூலை.

தெய்வசிகாமணி கை அங்க நகர்ந்துச்சு. அமுத்துச்சு. அந்த நொடியே கயிறு ஒரு விரக்கடை உருவி வந்துச்சு. ரப்பர் தகரத்தைக் கவ்விச்சு.

கை நகர்ந்துச்சு. கயிறு நகர்ந்துச்சு.

கோதண்டபாணி பார்த்துக்கிட்டே நின்னாரு. எது முதல்ல, எது அடுத்ததுன்னு பிரிச்சுப் பார்க்க முடியல. ஒருத்தர் மூச்சு விட்டா இன்னொருத்தர் தோளு எறங்குது. குப்பண்ணன் புருவம் லேசா சுருங்குனா, வெளிய உள்ளங்கை நின்னு போகுது. புருவம் விரிஞ்சா கை போகுது. தெய்வசிகாமணி உதட்டைக் கடிச்சா உள்ள கயிறு காத்திருக்குது. காலையில அவரு அத்தனை சர்க்கரை போட்டும் நகராதது, இப்ப ஒரு பேச்சுமே இல்லாம கண்ணாடியோட நாலு பக்கத்தையும் சுத்தி வருது. கிரைண்டர் பிடிச்சவன் கிரைண்டரை அணைச்சுட்டான். பெயின்ட்டு அடிக்கறவங்க முகமூடியைத் தூக்கி விட்டுக்கிட்டாங்க. யாரும் கூப்பிடல, எல்லாரும் வந்து நின்னாங்க, கோயில்ல திரை விலகறப்ப நிக்கற மாதிரி.

 கோதண்டபாணி முப்பது வருசத்துல எத்தனை சமாதானம் பேசியிருக்காரு, எத்தனை பேரைக் கை குலுக்க வெச்சிருக்காரு. இதை அவரு பார்த்ததே இல்ல. காலு வாளிக்குள்ள இருக்கறதே மறந்து போச்சு.

கடைசி மூலை. கயிறு முழுசா வெளிய வந்துச்சு. கண்ணாடி 'தொப்'புன்னு உக்கார்ந்துச்சு.

ரெண்டு பேரும் அசையல.

குப்பண்ணன் உதடு அசைஞ்சுச்சு. என்னமோ சொன்னாரு.

தெய்வசிகாமணி கண்ணாடிகிட்டக் காதை வெச்சாரு. கேக்கல. இல்லேன்னு தலையாட்டுனாரு.

குப்பண்ணன் மறுபடி சொன்னாரு. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா. அந்த மலை மாதிரி ஆளு, பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கற பையனாட்டம்.

தெய்வசிகாமணி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. சட்டை நுனியால கண்ணாடியில இல்லாத அழுக்கைத் தொடைச்சாரு. ரொம்ப நேரம் தொடைச்சாரு. அப்புறம் நிமிர்ந்து, பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தை.

குப்பண்ணன் சிரிச்சாரு. கயித்தைச் சுருட்டி மடியில போட்டுக்கிட்டு இறங்கி வந்தாரு. "அடுத்த வண்டிக்கும் ரப்பர் எடுத்து வெய்யி தெய்வா"ன்னாரு, தகரக் கூரை அதிர.

"உன்ற ஃப்ரேமை மொதல்ல நேரா வெச்சுக் குடு"ன்னாரு தெய்வசிகாமணி.

நடுவுல யாரும் இல்ல.

பொழுது சாய்ஞ்சதும் நாச்சிமுத்து கேட் வரைக்கும் வந்தாரு. 

"மேடம், யாரை வீட்டுக்கு அனுப்பறதுன்னு..."

"எங்களை அனுப்புங்க. இருட்டப் போகுது."

நாச்சிமுத்து ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாரு. மீசை நடுங்குச்சு.

நவமணி ஸ்கூட்டியை எடுத்தாங்க. கோதண்டபாணி பின்னாடி ஏறிக்கிட்டாரு. ஒரு கால்சட்டை சொதசொதன்னு நனைஞ்சிருந்துச்சு. கேட் தாண்டி மெயின் ரோடு வர்ற வரைக்கும் அவரு வாயே தொறக்கல. அவ்வளவு நேரம் அவரு வாயை மூடியிருந்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அடக்க முடியல.

"குருவம்மா."

"சொல்லுங்க சார்."

"நீங்க வண்டிக்குள்ளதானே இருந்தீங்க? குப்பண்ணன் பக்கத்துலயே?"

"ஆமா."

"அவரு கண்ணாடி வழியா சொன்னாருங்களே, அது உங்க காதுல விழுந்துச்சுங்களா?"

"விழுந்துச்சு."

"என்னங்க சொன்னாரு?"

நவமணி வண்டியை ஓரமா நிறுத்தினாங்க. திரும்பி அவரைப் பார்த்தாங்க.

"அது நம்மகிட்டச் சொன்னது இல்லீங்க சார்."