சட்டை போட்ட பேரிக்கா மரம்

போர்வைய இழுத்துக்கோ. கால வெளிய நீட்டாத. ம், சொல்றேன்.

ஒரு மலை மேல ஒரு ஊரு. குளிர்மேடுன்னு பேரு. அங்க அருணகிரின்னு ஒரு முடிவெட்டுறவரு இருந்தாரு. பஸ் ஸ்டாண்டு நடுவுல ஒரு பேரிக்கா மரம், மரத்துல ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னாடி ஒரு நாற்காலி. அதுதான் அவரு கடை.

அந்த ஊர்ல மார்கழி பொறந்தா கம்பளித் திருவிழா வரும். எல்லாரும் உக்காந்து கம்பளி நூலால சட்டை, குல்லா எல்லாம் பின்னுவாங்க. யாருக்குன்னு நெனக்கிற? மனுசங்களுக்கு இல்ல. விளக்குக் கம்பத்துக்குச் சட்டை. அடிபம்புக்கு மப்ளர். பெஞ்சுக்கு நாலு காலுக்கும் சாக்ஸு. ஞாயித்துக்கிழமை காலையில ஊரே புதுத்துணி போட்டுக்கிட்டு நிக்கும்.

ஒரு வருசம் விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி ஊர்த் தலைவரம்மா நிர்மலா வந்து அருணகிரிகிட்ட ஒரு சேதி சொன்னாங்க. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க மழையில நனையுறாங்களாம், கொட்டகை போடப் போறாங்களாம், மரம் நடுவுல நிக்குதாம். அதனால விழா முடிஞ்ச மறுநாள் மரத்த வெட்டிருவாங்களாம்.

அருணகிரி மரத்தத் தடவிக் குடுத்தாரு. அவரு சண்டை போடத் தெரியாத மனுசன். நேரா வீட்டுக்குப் போயி பொண்டாட்டி சொர்ணத்துகிட்ட, "இத்தன வருசமா விழா நடக்குது, அந்த மரத்துக்கு ஒரு கைக்குட்டைகூட யாரும் பின்னித் தரல. போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல சட்டையாவது போட்டுவிடணும்"னு சொன்னாரு.

சொர்ணம் ரெண்டு ஊசியும் ஒரு கூடை நூலும் எடுத்துக் குடுத்து, பின்னச் சொல்லிக் குடுத்தாங்க. செவப்பும் மஞ்சளும்.

பின்ன ஆரம்பிச்சாரு. நாலு வரிசை அழகா வந்துச்சு. அஞ்சாவது வரிசையில க்ரிச். என்ன ஆச்சு? அவரு கை சும்மா இருக்காம கத்தரிக்கோல எடுத்து வெட்டிருச்சு. இருவது வருசமா நீளமா எதப் பாத்தாலும் வெட்டுன கையில்ல? திரும்பவும் பின்னுனாரு. திரும்பவும் க்ரிச். அப்புறம் சொர்ணம் கத்தரிக்கோலப் புடுங்கி அரிசி டப்பாக்குள்ள போட்டு, டப்பா மேலயே ஏறி உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் சட்டை வளந்துச்சு.

ம்? முழிச்சிருக்கியா? சரி.

அப்புறம் பாதிச் சட்டை முடிஞ்சுது. மரத்தடியில வச்சுட்டு டீ குடிக்கப் போனாரு. வந்து பாத்தா ஒரு கொரங்கு அத மாட்டிக்கிட்டு நாற்காலியில கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு. நூல் ஒரு பக்கம் ஸர்ர்ர்னு உருவிக்கிட்டே வருது. பழம் காட்டுனாரு, பழத்தத் தின்னுச்சு, சட்டையத் தரல. வெரட்டுனாரு, பல்லக் காட்டுச்சு. அப்போ அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? மத்தவங்களுக்குச் செய்யுற மாதிரியே கழுத்துல துண்டக் கட்டி, தலையில புஸ்ஸு புஸ்ஸுன்னு தண்ணி அடிச்சு, வகிடு எடுத்து, கண்ணாடியத் திருப்பிக் காட்டுனாரு. கொரங்கு தன் மூஞ்சியப் பாத்துச்சு. இந்தப் பக்கம் பாத்துச்சு, அந்தப் பக்கம் பாத்துச்சு. அப்படியே சொக்கிப் போச்சு. அது அழகு பாத்துக்கிட்டே இருக்க, அவரு மெதுவா ஒரு கை, அப்புறம் இன்னொரு கைன்னு சட்டையக் கழட்டிட்டாரு.

அப்புறம் சனிக்கிழமை சட்டை முடிஞ்சே போச்சு. ரெண்டு பெரிய கிளைக்கு ரெண்டு கை, மேல ஒரு காலரு. தோள்ல போட்டுக்கிட்டு ஏணியோட போனாரு. ஏணியில ஏறி நின்னதுக்கப்புறம்தான் புத்தியில பட்டுச்சு. மரத்துக்குத் தலை வழியா எப்படிச் சட்டை மாட்டுறது?

ம். நீயே சொல்லு, எப்படி மாட்டுவ?

மரம் குனியாதுல்ல. ஏணியிலயே அழுகை வந்துருச்சு அவருக்கு. அப்போ கீழ நின்ன சொர்ணம், "எறங்கி வாங்க"ன்னாங்க. நூல் உருவாம இருக்க சட்டை முன்பக்கம் மேலருந்து கீழ வரைக்கும் ரெண்டு வரிசைத் தையல் போட்டாங்க. அப்புறம் வீட்டுக்கு ஓடிப் போயி அரிசி டப்பாவுலருந்து கத்தரிக்கோல எடுத்து அவரு கையில குடுத்தாங்க.

"இப்ப வெட்டுங்க."

அன்னிக்குத்தான் அவரு ரெண்டு தையலுக்கும் நடுவுல பாத்துப் பாத்து வெட்டுனாரு. க்ரிச், க்ரிச், க்ரிச். சட்டை நேராத் தெறந்துச்சு. வீடு வீடாப் போயி பட்டன் வாங்குனாங்க. கோட்டு பட்டன், பள்ளிக்கூடச் சட்டை பட்டன், ஒண்ணு தேங்காச் செரட்டையில செஞ்ச பட்டன். மொத்தம் பதினெட்டு. சாயங்காலத்துக்குள்ள மரம் சட்டை போட்டு, காலர் வரைக்கும் பட்டன் மாட்டி, ஜம்முனு நின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை விழா. பஸ் டிரைவரு மரத்தப் பாத்து வணக்கம் வச்சாரு. ஒரு சின்னப் புள்ள பாதி பன்னு குடுத்துச்சு. அருணகிரி மட்டும் மரத்துப் பக்கத்துலயே நின்னாரு.

திங்கக்கிழமை வந்துச்சு. மரம் வெட்டுற ஜெபராஜு மெஷின் ரம்பத்தத் தூக்கிக்கிட்டு வந்தாரு. ட்ர்ர்ர்ர். ஓட்டிப் பாத்துட்டு நிறுத்துனாரு. கம்பளி ரம்பத்துல சுத்திக்குமாம், சட்டையக் கழட்டணுமாம். அருணகிரி தன்னால முடியாதுன்னுட்டாரு. சரின்னு ஜெபராஜே கைய வச்சாரு.

டப். ஒரு பட்டன். பூக்காரம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

டப். ரெண்டாவது. பஸ்ஸுல ஜன்னலோரம் இருந்த பொம்பளைங்க முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. ஒரு பெரியவரு லொக்கு லொக்குன்னு இருமுனாரு.

மூணாவது பட்டன்ல கை வச்ச ஜெபராஜுக்குக் காதெல்லாம் செவந்துருச்சு. சுத்திமுத்திப் பாத்தாரு. மெதுவா அந்த ரெண்டு பட்டனையும் திரும்ப மாட்டிவிட்டாரு.

"நான் மரம் வெட்டுற ஆளுங்க. நடு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரு சட்டையக் கழட்டுற வேலை எனக்கு வேணாம்"னாரு.

வேலையப் பாக்க வந்து நின்ன தலைவரம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு. இதெல்லாம் ஒரு காரணமான்னு கேட்டுக்கிட்டே ஏணியில ஏறி காலர் பட்டன்ல கைய வச்சாங்க. திரும்பிப் பாத்தா, டிரைவரு, கண்டக்டரு, பூக்காரம்மா, எல்லாரும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. தலைவரம்மாவுக்கே ஒரு மாதிரி கூச்சமாப் போச்சு. காலர நேராக்கிவிட்டாங்க. ரெண்டு தட்டு தட்டுனாங்க. எறங்கி வந்து அளவு நாடா கேட்டாங்க. தானே அளந்தாங்க. கொட்டகை பன்னெண்டு அடி தள்ளி நின்னாலும் மழை படாதுன்னு சொல்லிட்டு, யாரு மூஞ்சியும் பாக்காம ஜீப்புல ஏறிப் போயிட்டாங்க.

மரம் தப்பிச்சுது.

அருணகிரி சிரிக்கல, அழல. போயி தன்னோட நாற்காலியிலயே உக்காந்தாரு. ஒரு வாரமாப் பின்னுன அலுப்பு. உக்காந்த மாத்திரத்துல தூங்கிட்டாரு. முடிவெட்ட மூணு பேரு வந்தாங்க. சொர்ணம் "உஷ்"ன்னாங்க. மூணு பேரும் மரத்தடியில சத்தமில்லாம உக்காந்துக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல அவங்களும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு தூங்கிட்டாங்க.

ம்?

உன்னோட "ம்" சத்தமே காணோமே. சரி, கதையும் படுத்துருச்சு கண்ணு, நீயும் தூங்கு.