அட்டை காப்பாற்றிய கார்

கோவில்பட்டியில் தினமும் காலையில் நடக்கிறவர்கள் சங்கம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர்கள் நான்கு பேர். நான்கு பேருக்கும் கழுத்துக்கு மேல் தலை இருந்தது. இதை ஊரில் யாரும் மறுத்ததில்லை. அதற்கு மேல் எதையும் யாரும் உறுதியாகச் சொன்னதுமில்லை.

தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் பிறத்தியார் பத்திரங்களைப் படித்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு படிக்கப் பத்திரம் கிடைக்காமல், பற்பசை டப்பாவின் பின்பக்கத்தைக்கூட வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் அந்தோணிராஜ், லேத் பட்டறைக்காரர்; சக்கரம் வைத்த எதையும் ஓட்டிவிடுவார். மூன்றாமவர் சீனிராஜ், தீப்பெட்டி லேபிள் அச்சகம் வைத்திருந்தார். நான்காமவர் மின்சாமான் கடை வெயிலுமுத்து. சங்கத்திலேயே கிரெடிட் கார்டு என்கிற கடன் அட்டை வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். அதனால் நடந்தது அத்தனையும் கடைசியில் அவர் தலையில் வந்து இறங்கியது.

நான்கு பேரும் மலேசியாவில் லங்காவித் தீவுக்கு ஐந்து நாள் சுற்றுலா போக முடிவு செய்தார்கள். வருஷமெல்லாம் நடந்தே காலம் போய்விட்டதால், அங்கேயாவது நடக்காமல் வாடகைக் காரில் சுற்றுவது என்று ஏற்பாடு. கிளம்புவதற்கு முன்னால் வெயிலுமுத்து கார்டு கொடுத்த வங்கிக்குப் போன் போட்டு ஒரு நல்ல கேள்வி கேட்டார். வாழ்க்கையில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வியும் அதுதான்.

"ஏம்மா, வாடகைக் காருக்கு ஏதாவது ஆச்சுன்னா, இந்தக் கார்டோட பயணக் காப்பீட்டுல பணம் வருமா?"

"வரும் சார். வாடகையை இந்தக் கார்டுலயே கட்டணும். கார்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் வண்டி ஓட்டணும். மத்த விதியெல்லாம் மெயில்ல அனுப்பியிருக்கேன், படிச்சுப் பாத்துக்கோங்க."

மெயிலில் நாற்பத்திரண்டு பக்கம் வந்தது. அச்சடித்துக் கையில் கொடுத்ததும் அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு யாரும் இவ்வளவு மரியாதை செய்ததில்லை. விமானத்தில் மூன்று பேரும் தூங்க, அவர் மட்டும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனார்.

லங்காவியில் வாடகைக் கார் கடை வைத்திருந்த புஷ்பலதா நம்ம ஆள்தான். தாத்தா காலத்திலேயே அங்கே குடியேறிய குடும்பம். வெள்ளைக் கார் ஒன்றைத் துடைத்து நிறுத்தியிருந்தாள்.

"ஐயா, எங்க இன்சூரன்ஸ் ஒன்னு இருக்கு. அதை எடுத்துக்கிட்டா காடிக்கு என்ன ஆனாலும் தலைவலி இல்ல," என்றாள். அங்கே காரைக் காடி என்றுதான் சொல்வார்கள்.

"வேண்டாம்மா. எங்க கார்டு காப்பாத்தும். பதினோராம் பக்கம்," என்றார் அண்ணாச்சி.

"காப்பாத்துமான்னு நல்லாத் தெரியுமா?"

"அதைத்தான் தெரிஞ்சுக்கப் போறோம்."

புஷ்பலதா இதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தாள்.

அந்தோணிராஜ் கைகளைத் தேய்த்துக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் போனார். அண்ணாச்சி தடுத்தார். கார்டில் இருப்பது வெயிலுமுத்து பெயர். ஆகவே வெயிலுமுத்துதான் ஓட்ட வேண்டும். வெயிலுமுத்துவிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் அவர் கடைசியாகக் கார் ஓட்டியது அந்த லைசென்ஸ் வாங்கிய அன்று. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக மொபெட்தான்.

நான்கு பேரும் காரைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

"ஓட்டுறதுன்னா என்ன?" என்று கேட்டார் அண்ணாச்சி. "பதிமூணாம் பக்கத்துல, ஸ்டியரிங் எவர் கையில இருக்கோ அவர்தான் ஓட்டுநர்னு போட்டிருக்கு. எஞ்சினைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது."

"அப்ப எஞ்சினைப் போடாம வெயிலு ஸ்டியரிங்கைப் பிடிக்கட்டும்," என்றார் சீனிராஜ்.

"வண்டி எப்படி நகரும்?" என்று அந்தோணிராஜ் கேட்டார்.

"அதுக்குத்தானே நாம மூணு பேர் இருக்கோம்."

பெட்ரோலும் மிச்சம் என்று சொல்லப்பட்டதும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வெயிலுமுத்து சீட்டைச் சரிசெய்து, பெல்ட் போட்டு, கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டார். மூன்று பேரும் பின்னால் நின்று தள்ள, கார் கடற்கரைச் சாலையில் புறப்பட்டது. வெயிலுமுத்துவுக்கு இது பிடித்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு காரில் டிரைவராகப் போகிறார். எதிரே வந்த வெள்ளைக்காரர்களுக்குக் கை காட்டினார். பின்னால் இருந்து மூச்சிரைப்பு அதிகமாகக் கேட்டபோது, மெதுவாகப் போகலாமே என்று பெருந்தன்மையாகப் பிரேக்கும் போட்டார்.

நடக்காமல் ஊர் சுற்ற வந்தவர்கள், இரண்டு நாளில் அந்தத் தீவில் பதினேழு கிலோமீட்டர் நடந்தார்கள்.

மூன்றாம் நாள் வெயிலுமுத்துவுக்கு ஒரு பயம் வந்தது. காருக்கு நிஜமாகவே ஏதாவது ஆகி, கார்டு கைவிட்டுவிட்டால் என்ன செய்வது? கடைக்குப் பின்னால் சரக்கு வைக்க ஒரு கிட்டங்கி கட்ட அந்தக் கார்டைத்தான் நம்பியிருந்தார். மறுபடியும் வங்கியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

"காப்பீடு கண்டிப்பா வருமான்னு இப்பவே சொல்ல முடியாது சார். சேதம் ஆன பிறகுதான் பரிசீலிப்போம்," என்றது அந்தப் பெண் குரல்.

இதைக் கேட்ட அண்ணாச்சி சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பிள்ளை சொல்றது நியாயம். சேதம் ஆனாத்தான் தெரியும். ஊருக்குப் போற வரைக்கும் சந்தேகத்தோட சுத்துறதுக்கு, சின்னதா ஒரு சேதத்தைப் பாத்துட்டா நிம்மதி."

"நான் ஒரு சுத்தியலை வாங்கிட்டு வந்து..." என்று ஆரம்பித்தார் அந்தோணிராஜ்.

"ஆகாது. பதினாறாம் பக்கம். தெரிஞ்சே செஞ்ச சேதம் சேராது. நமக்குத் தெரியாம நடக்கணும்."

"நமக்குத் தெரியாம எப்படி அண்ணாச்சி நடக்க வைக்கிறது?"

சங்கத்தின் சரித்திரத்தில் அவ்வளவு கடினமான கேள்வி வந்ததில்லை. சீனிராஜ்தான் வழி கண்டுபிடித்தார். கடற்கரையில் வரிசையாகத் தென்னை மரங்கள். சாலையை விட்டு இறக்கி, கடல் பக்கம் சாய்ந்து குலை தள்ளிய மரமாகப் பார்த்து, குலைக்கு நேர் கீழே மணலில் காரை நிறுத்தினார்கள். பிறகு, தங்களுக்கு எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, நான்கு பேரும் காருக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்கு உட்கார்ந்தார்கள். ஒன்றரை மணிக்குப் பின்னால் பெரிய சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு ஏதோ தெரிஞ்ச மாதிரி இருக்கு," என்றார் வெயிலுமுத்து.

"உனக்குத் தெரியாது. இன்னும் அஞ்சு நிமிஷத்துக்கு யாருக்கும் தெரியாது."

ஐந்து நிமிஷம் கழித்து வியப்போடு திரும்பிப் பார்த்தார்கள். முன்கண்ணாடி பொடிப்பொடியாகி, டிரைவர் சீட்டில் ஒரு தேங்காய் உட்கார்ந்திருந்தது. நான்கு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி பத்தொன்பதாம் பக்கத்தைப் பிரித்துக் காரியத்தில் இறங்கினார். போலீசில் புகார் செய்ய வேண்டும். அந்தோணிராஜும் சீனிராஜும் தேங்காயையும் தூக்கிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். சேதமான வாகனத்தை நகர்த்தக் கூடாது; அண்ணாச்சி காவலுக்கு நின்றார். ஓட்டுநர் பொறுப்பில் வண்டி இருக்க வேண்டும். வெயிலுமுத்து கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தார். நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும். மூன்று பக்கம் எடுத்தாயிற்று. நாலாவது பக்கத்தில் கடல் வந்திருந்தது.

காலையில் தூரத்தில் இருந்த கடல்தான். அண்ணாச்சி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று படம் எடுத்தார். படம் நன்றாக வந்தது. பிறகு ஒரு அலை வந்து அவரையும் போனையும் நனைத்ததில், போன் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

வெயிலுமுத்துவின் பாதத்தில் ஜில்லென்று பட்டது. குனிந்து பார்த்தார். செருப்பு ஒன்று பெடலைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, தண்ணி உள்ள வருது."

"வரட்டும்."

"வண்டியைக் கொஞ்சம் மேல ஏத்திருவோமா? சாவி எங்கிட்டத்தான் இருக்கு. திருகினா ஒருவேளை ஓடும்."

"நகத்தக் கூடாதுன்னு தெளிவாப் போட்டிருக்கு. தண்ணிதானே நகருது? நாம நகரலையே."

வெயிலுமுத்து சாவியைப் பார்த்தார். திருப்ப வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் முப்பது வருஷம் பத்திரம் படித்தவர் சொல்கிறார். பல்புக் கடைக்காரர் என்ன கண்டார்? தண்ணீர் இடுப்புக்கு ஏறியதும், உடைந்த முன்கண்ணாடி வழியாக வெளியே வந்து கூரைமேல் ஏறினார். கண்ணாடி உடைந்திருந்ததில் இப்படி ஒரு வசதி இருந்தது. அண்ணாச்சியும் நனைந்த காகிதக் கட்டோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

போலீஸ் நிலையத்தில் எல்லாம் சுமுகமாக நடந்தது. அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்; மோதியது யார் என்ற இடத்தில் தேங்காய் என்று எழுதும்போது மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். காகிதத்தோடு திரும்பி வந்த இரண்டு பேரும் கரையில் நின்று காரைத் தேடினார்கள். கடலுக்கு நடுவில் இரண்டு சங்க உறுப்பினர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது மட்டும் தெரிந்தது.

அங்கிருந்தபடியே வெயிலுமுத்து சட்டைப் பையில் நனையாமல் இருந்த தன் போனில் உதவி எண்ணைக் கூப்பிட்டார். தேங்காய் விழுந்ததைச் சொன்னார்.

"கண்ணாடி காப்பீட்டுல சேராது சார்," என்றது குரல்.

"அப்புறம் கடல் வந்து உள்ள பூந்துருச்சும்மா."

"தண்ணீரால ஆகிற சேதமும் சேராது. வண்டி எந்தச் சாலையில நிக்குது?"

"சாலையே இல்லம்மா. மணலு."

"சாலை இல்லாத இடமும் சேராது சார்."

அண்ணாச்சி போனை வாங்கினார். "அப்ப எதும்மா சேரும்? வாடகைக் கார் சேதத்துக்குக் காப்பீடு உண்டா, இல்லையா?"

"உண்டு சார். இதெல்லாம் போக மிச்சத்துக்குக் கண்டிப்பா உண்டு."

"மிச்சம்னா?"

குரல் கொஞ்சம் யோசித்தது. "இப்ப வண்டியில எது சார் தண்ணிக்கு மேல இருக்கு?"

"கூரை."

"கூரைக்கு முழுக் காப்பீடு உண்டு சார். அதுக்கு ஏதாவது ஆயிருக்கா?"

அண்ணாச்சி குனிந்து தட்டிப் பார்த்தார். இரண்டு பேரைச் சுமந்துகொண்டு கூரை கல்லு மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. உண்மையை மறைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"ஒன்னும் ஆகலம்மா," என்றார் வருத்தமாக.

"ரொம்ப நல்லது சார்," என்று குரல் வாழ்த்திவிட்டு வைத்தது.

கடல் வடிந்த பிறகு புஷ்பலதா இழுவை வண்டியோடு வந்தாள். காரின் கதவைத் திறந்ததும் தண்ணீரோடு நான்கு மீன் வெளியே வந்தன. அவள் சத்தம் போடவில்லை.

"ஐயா, தண்ணி ஏறுறதைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. ஏன் காடியை நகத்தல?"

அண்ணாச்சி பத்தொன்பதாம் பக்கத்தை நீட்டினார். அவள் படித்தாள். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த தாளை நகத்தால் மெதுவாகப் பிரித்து, இருபதாம் பக்கத்தின் முதல் வரியைச் சத்தமாக வாசித்தாள்: "ஆபத்து இருந்தால் தவிர."

"அது ஒட்டியிருந்துச்சும்மா," என்றார் அண்ணாச்சி.

கார்டு புஷ்பலதாவின் மெஷினுக்குள் போய் வந்தது. வெயிலுமுத்துவின் கிட்டங்கி அதோடு போய்விட்டது. புஷ்பலதாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, அவர் அந்த நான்கு மீன்களையும் பொறுக்கி ஒவ்வொன்றாகக் கடலில் விட்டார். அந்தச் சுற்றுலாவில் யாராவது உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஊருக்கு வந்ததும் அவர் மனைவி கனகவல்லி விஷயத்தைக் கேட்டாள். நேராக வங்கிக்குப் போன் போட்டுக் கார்டை நிறுத்தச் சொன்னாள். யாரும் பயன்படுத்த முடியாதபடி கார்டை வெட்டிவிடும்படி வங்கியில் சொன்னார்கள். அவள் கத்தரிக்கோலை அவர் கையில் வைத்தாள். பொதுச் சொத்து போல ஆகிவிட்ட கார்டைத் தனியாக வெட்ட மனமில்லாமல், வெயிலுமுத்து அதைச் சங்கத்துக்குக் கொண்டுபோனார்.

"எத்தனை துண்டா வெட்டணும்னு சொன்னாங்களா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"சொல்லல."

"அப்ப நாலு. சுற்றுலாவுல நாலு பேருக்கும் பங்கு. காப்பீட்டுலயும் நாலு பேருக்கும் பங்கு வேணும்ல?"

"காரை நாலாப் பிரிக்க முடியுமா அண்ணாச்சி?"

"சக்கரம் நாலு இருக்கே," என்றார் அந்தோணிராஜ்.

இவ்வளவு எளிதாக ஒரு விஷயம் முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நான்கு துண்டு வெட்டி, ஆளுக்கு ஒரு சக்கரம் என்று சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். வெயிலுமுத்துவுக்குப் பின்பக்க இடது சக்கரம் விழுந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் மனசு லேசானது. ஒரு சக்கரக்காரனுக்குக் கால்வாசிக் கவலைதானே.

அடுத்த மாசம் கொடைக்கானல் போவதற்காக வத்தலக்குண்டில் ஒரு கார் வாடகைக்குப் பேசினார்கள். அவரவர் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவரவர் சக்கரத்துக்கு மேலே இருந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். கார்க்காரர் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி புதுசு என்று பெருமையாகக் காட்டினார். நான்கு பேரும் இறங்கிவந்து அந்த ஐந்தாவது சக்கரத்தைக் கவலையோடு பார்த்தார்கள்.

"இதை எறக்கிருங்க," என்றார் அண்ணாச்சி.

"மலை ரோடு சார். வழியில பஞ்சராச்சுன்னா?"

"எங்க நாலுல எது பஞ்சரானாலும் கார்டு பாத்துக்கும். இது பஞ்சராச்சுன்னா யார் பதில் சொல்றது?"

கார்க்காரர் ஸ்டெப்னியை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினார். தாங்கள் ஒப்படைக்கும்போது அதில் ஒரு கீறல்கூட இல்லை என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுத்தார்கள்.