வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மணி

காட்டுக் குளத்தின் மதகைத் திறக்கும் வேலையை ஒரு கணினி பார்த்தது. ஒருமுறை திறந்தால் குளம் வடிகிற வரை மதகு மூடாது. கணினிக்குக் கிழமையும் தெரியாது, மணியும் தெரியாது. அது முதன்முதலில் விழித்த நொடியிலிருந்து எண்ணி, இத்தனையாவது நொடியில் திற என்று அதனிடம் ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும். பேச்சில் சொன்ன நேரத்தை அப்படி எண்ணாக மாற்றிக் கொடுப்பது நரி.

கீழ்க்காட்டு மான்களுக்குத் தண்ணீர் விட வேண்டியிருந்தது. ஆனால் வாய்க்கால் மணலில் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. அது நரியிடம் ஓடி வந்தது.

"அண்ணே, வியாழக்கிழமை பகல்ல குஞ்சு பொரிஞ்சிடும். உடனே கரையேத்திடுவேன். வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குத் திறங்க."

"வியாழன், ராத்திரி ரெண்டு. அவ்வளவுதானே?"

"குஞ்சு பொரிஞ்சப்புறம்ணே..."

"கிழமையும் மணியும் போதும்மா. உன் குடும்பக் கதையெல்லாம் கணினி கேக்காது."

புதன்கிழமை பொழுது சாய்ந்தது. நடுராத்திரி தாண்டி ரெண்டு மணி நேரத்தில் மதகு கடகடவென்று திறந்தது. குருவி போட்ட கூச்சலில் யானை எழுந்து வந்தது. மதகுக்கும் மணலுக்கும் நடுவில், வாய்க்காலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

நரியும் ஓடி வந்தது. "என் மேல என்ன தப்பு? பன்னிரண்டு தாண்டினா வியாழக்கிழமை. ரெண்டு மணிக்குத் திறந்திருக்கு. கணக்கு சுத்தம்."

"யோவ்," என்றது யானை, "விடிஞ்சாத்தானேய்யா வியாழக்கிழமை? இது இன்னும் புதன்கிழமை ராத்திரி. பொரிஞ்சப்புறம்னு அது சொல்லுச்சா இல்லையா?"

"சொல்லுச்சு. அதை எண்ணா மாத்த முடியாதே."

"மாத்த வேண்டாம்யா. காதுல வாங்கியிருக்கலாம்ல?"

யானைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் கரையில் ஏறியது. அங்கேதான் நரியின் வளை. உள்ளே இருந்த மெத்தைச் சருகெல்லாம் மிதந்து வெளியே வந்தது.

"ஐயோ, என் வீடு! எப்பண்ணே எழுந்திருப்பீங்க?"

"வியாழக்கிழமை ராத்திரி."

நரி மிதந்த சருகை அள்ளிக்கொண்டே கேட்டது. "எந்த வியாழக்கிழமை ராத்திரிண்ணே? இப்ப நடக்கறதா, இனி விடிஞ்சு பொழுது சாஞ்சப்புறம் வர்றதா?"

"இதை அந்தக் குருவிகிட்டக் கேட்டிருந்தா, நான் ஏன்யா இந்தக் குளிர்ல உக்காரப்போறேன்?" என்றது யானை.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிக் குஞ்சு கரையேறிய பிறகுதான் யானை எழுந்தது.

ஆகையால் பிள்ளைகளே, ஒருவர் சொன்ன நேரத்தை எண்ணாக மாற்றும் முன், அவருக்கு நாள் எப்போது தொடங்குகிறது என்று அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.